திரையும் நிரலும்



வேலூரிலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே பெரும்பகுதி வழியைக் கடப்பர். இவ்வூர்களோடு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு ஆகியவற்றையும் சேர்த்துத் தோல் தொழில் வட்டாரம் என்று சொல்வது வழக்கம். 2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இவ்வூர்களும் வெவ்வேறு மாவட்டங்களுக்குப் பங்காயின. தோலும் காலணியும் அந்த எல்லைக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் பழையபடியே ஊருக்கு ஊர் பயணம் செய்கின்றன.

காலணித் தொழிற்சாலையுள் தைக்கும் பிரிவு என்று ஒன்றுண்டு. அங்கே காலணியின் மேற்பகுதி உருவாகிறது. அதனை ‘அப்பர்’ என்று அழைக்கிறார்கள். (தேவாரம் பாடிய பெருமானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) முன்பகுதி, பக்கப்பகுதிகள், நாக்கு, உள்துணி எனப் பல துண்டுகள் வெட்டும் பிரிவிலிருந்து கட்டுக் கட்டாக வந்து சேர்கின்றன. துண்டை வெட்டியவர் ஒருவர், தைப்பவர் வேறொருவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு வாய்ப்புக் குறைவு. ஆயினும் எந்தத் துண்டின் எந்த விளிம்பு எதனோடு சேரவேண்டும், எது காலின் உட்புறம், எது வெளிப்புறம், எது எத்தனையாம் அளவு என்பதைத் தைப்பவர் தடுமாற்றமின்றி அறிந்துகொள்கிறார். எப்படி? வெட்டும் அச்சின் விளிம்பிலேயே சிறு சிறு வெட்டுக்குறிகள் அமைந்திருக்கின்றன. அக்குறிகள் தோலிலும் பதிகின்றன. இந்தக் குறியை அந்தக் குறியோடு பொருத்தித் தைத்தால் வேலை முடிந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காலணியன்று, கணினி. எனினும் அந்த வெட்டுக்குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுவதும் அது நமக்குத் தேவைப்படும்.

இந்த வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களில் பலர், மேசைக் கணினியில் இயங்கும் ஒரு சிறு செயலியைத் தம் படிப்பின் பகுதியாக எழுதுகிறார்கள். ஊர்த் தொழிலுக்குப் பயன்படும் ஒன்றையே எழுதுவோம் என்று ஒரு மாணவர் விரும்புவதாக வைத்துக்கொள்வோம். பதனிட்ட தோல் பரப்பளவுக் கணக்கில் விற்கப்படுவது. நம்மூரில் சதுர அடி என்பர். வெளிநாட்டு வணிகர் பலர் சதுர மீட்டரில் கேட்பர். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 10.76 சதுர அடி. ஆகவே அம்மாணவர் ஒரு சாளரம் வரைகிறார். அதில் சதுர அடிக்கு ஓர் எழுத்துப் பெட்டி, சதுர மீட்டருக்கு ஒன்று, சதுர அடி விலைக்கு ஒன்று. கீழே ‘கணக்கிடு’ என்றொரு பொத்தான். அதற்கும் கீழே விடையைக் காட்டும் ‘தொகை’ என்னும் இடம். வானொலியில் படம் காட்ட இயலாது. கையில் தாளிருந்தால் நீங்களே ஐந்து கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள்.

இந்தச் செயலியில் இரண்டு வேலைகள் உள்ளன. திரையில் எது எங்கே, எந்த அளவில், எந்த எழுத்தோடு நிற்கவேண்டும் என்பது ஒரு வேலை. பொத்தானை அழுத்தினால் என்ன கணக்கு நடக்கவேண்டும் என்பது மற்றொரு வேலை. முற்காலத்தில் இரண்டையும் ஒரே நிரலில் கலந்து எழுதினார்கள். பொத்தானை அரை அங்குலம் வலப்புறம் தள்ளவேண்டுமானாலும் கணக்குப் போடும் நிரலுக்குள் கைவைத்தாக வேண்டும். கைவைத்த இடத்தில் கணக்கும் கெடலாம்.

இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் எண்ணத்துக்குத் தெளிவான உருவம் தந்தவர், நார்வே நாட்டவரான டிரிக்வே ரீன்ஸ்காக். அவர் 1978, 1979ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கியிருந்தபோது, உள்ளிருக்கும் செய்தி, அதனைக் காட்டும் தோற்றம், பயனரின் செயலை ஏற்று நடத்தும் கன்ட்ரோலர் என மூன்றாகப் பகுத்தார். சாளரத்தை வரைந்து ஒரு கோப்பாகவே சேமித்துக்கொள்ளும் வசதியைப் பெரிய அளவில் பரப்பியவர் பிரான்சு நாட்டவரான ழான்-மரி உல்லோ. ஸ்டீவ் ஜாப்ஸ் நிறுவிய நெக்ஸ்ட் நிறுவனத்துக்காக அவர் ஆக்கிய ‘இன்டர்ஃபேஸ் பில்டர்’ என்னும் கருவி 1988இல் வெளிவந்தது. பொத்தானைத் திரையில் வைத்து, அதிலிருந்து நிரற்பொருள் வரையில் சுட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் இணைப்பு ஏற்பட்டுவிடும்! ஜெனீவா நகரத்தருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் முதல் வலை உலாவியை எழுதியது இந்த நெக்ஸ்ட் கணினியில்தான். சில மாதங்களுக்குள் அதனை முடிக்க முடிந்ததில் இத்தகைய கருவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி நம் மாணவரின் சாளரத்துக்கு வருவோம். அவர் ஜாவா மொழியில் எழுதுகிறார் என்று கொள்வோம். அதற்கு ஜாவா-எஃப்எக்ஸ் என்றொரு சாளரத் தொகுப்பு உண்டு. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலே ‘எஃப்எக்ஸ்எம்எல்’ என்னும் வடிவமைப்புக் கோப்பு அறிமுகமாயிற்று. இக்கோப்பு வெறும் எழுத்துக் கோப்பே. பெட்டிக்குள் பெட்டியாக, எது எதற்குள் அடங்குகிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். கணக்குப் போடும் நிரலோ ‘கன்ட்ரோலர்’ என்னும் தனி வகுப்பாக வேறொரு கோப்பில் இருக்கும். வெட்டியவர் ஒருவர், தைப்பவர் வேறொருவர் என்ற அதே ஏற்பாடு.

இரண்டையும் சேர்ப்பது எது? பெயர். பெயர் ஒன்றே. வடிவமைப்புக் கோப்பில் விடை காட்டும் இடத்துக்கு ‘தொகை’ என்று ஓர் அடையாளப் பெயர் இடுகிறோம். கன்ட்ரோலரில் ‘தொகை’ என்றே ஒரு மாறியை அறிவித்து, ‘இது கோப்பிலிருந்து நிரப்பப்பட வேண்டியது’ என்று ஒரு சிறு குறிப்பையும் அதன்மேல் வைக்கிறோம். பொத்தானுக்கு, ‘அழுத்தப்பட்டால் கணக்கிடு என்னும் செயற்கூறை அழை’ என்று எழுதுகிறோம். கோப்பின் தலைப்பகுதியில் கன்ட்ரோலர் வகுப்பின் முழுப்பெயரைக் குறிக்கிறோம். இவையே வெட்டுக்குறிகள்.

செயலி தொடங்கும்போது ‘லோடர்’ என்னும் ஏற்றி இவ்வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அது செய்யும் வேலையின் வரிசையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொல்லைகளிற் பாதி இந்த வரிசையை அறியாமையால் வருவனவே. முதலில் அது கோப்பின் தலைப்பகுதியைப் படித்துக் கன்ட்ரோலர் வகுப்பில் புதிதாக ஒரு பொருளை ஆக்குகிறது. அவ்வாறு ஆக்கும்பொழுதே அவ்வகுப்பின் ஆக்கச் செயற்கூறு ஓடி முடிந்துவிடும். பின்னரே கோப்பிலுள்ள பெட்டிகளையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக உருவாக்கி, எதற்கு அடையாளப் பெயர் இருக்கிறதோ அதே பெயருள்ள மாறியைக் கன்ட்ரோலரில் தேடி அதனுள் வைக்கிறது. பொத்தானைச் செயற்கூறோடு பிணைக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, ‘இனிஷியலைஸ்’ என்னும் பெயருடைய செயற்கூறு கன்ட்ரோலரில் இருந்தால், அதனை ஒரு முறை அழைக்கிறது.

ஆகவே ஆக்கச் செயற்கூறுக்குள் நின்றுகொண்டு, ‘தொகை என்னும் இடத்தில் சுழியம் எழுது’ என்று கட்டளையிட்டால் என்ன ஆகும்? அந்நேரத்தில் தொகை என்னும் மாறி காலி. உள்ளே எதுவும் வந்து சேரவில்லை. இக்காலி நிலையை ‘நல்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு இனிமையாக ஒலித்தாலும் நல்லதொன்றுமில்லை அதில். செயலி அங்கேயே விழுந்துவிடும். அதே கட்டளையை இனிஷியலைஸ் செயற்கூறில் எழுதினால் எந்த இடையூறும் இராது. லாஸ்ட் என்னும் அடிக்கட்டையில் அப்பரை ஏற்றி இழுப்பதற்கு முன்பே அடித்தோலை ஒட்ட முயல்வது போன்றதே ஆக்கச் செயற்கூறில் எழுதுவது.

இதனோடு ஒட்டிய மற்றொரு மயக்கமும் உண்டு. இரண்டு சாளரங்களுக்கு ஒரே கன்ட்ரோலர் வகுப்பைக் குறித்துவிட்டு, முதற் சாளரத்தில் தட்டிய விவரம் இரண்டாவதில் தெரியும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். தெரியாது. ஒவ்வொரு கோப்பை ஏற்றும்போதும் ஏற்றி புதிய பொருளையே ஆக்குகிறது. வகுப்பு ஒன்று, பொருள்கள் இரண்டு. ஒரே அச்சில் வெட்டிய இரு துண்டுகள் ஒரே துண்டு ஆகமாட்டா என்பது தொழிற்சாலையில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. கணினி வகுப்பிலே சொல்லவேண்டியிருக்கிறது.

பெயர் பொருந்தாமற் போனால் என்ன நேரும் என்பதை இனிப் பார்ப்போம். என் மனத்துக்கு இதுவே இப்பேச்சின் நடுநாடி. பிழை எழுவது தவிர்க்க இயலாதது. அது எந்த நேரத்தில் வெளிப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

கோப்பில் ‘கணக்கிடு’ என்று குறித்திருக்கிறோம். கன்ட்ரோலரில் அச்செயற்கூறின் பெயர் ‘கணக்குப்போடு’ என்றிருக்கிறது. இப்பிழை வாசலிலேயே பிடிபடும். ஏற்றி தேடிப் பார்த்து, இல்லையென்று கண்டவுடன் கூச்சலிட்டு நின்றுவிடும். சாளரமே திறக்காது. மாணவர் எரிச்சலடைவார், ஆனால் இது நன்மையே. பெயர் பொருந்தி வகை மாறினாலும், அதாவது கோப்பில் வெறும் எழுத்தைக் காட்டும் இடமாகவும் கன்ட்ரோலரில் எழுதும் பெட்டியாகவும் இருந்தாலும், வாசலிலேயே தடை விழும்.

கன்ட்ரோலரில் ‘தொகை’ என்ற மாறி இருக்கிறது. கோப்பிலோ ‘மொத்தம்’ என்று பெயரிட்டுவிட்டோம். இப்பொழுது ஏற்றி ஒரு சொல்லும் சொல்லாது. கோப்பில் உள்ள பெயருக்கு உரிய மாறி இல்லையேல் அது பேசாமல் நகர்ந்துவிடும். மாறிக்கு உரிய பெயர் கோப்பில் இல்லையேல் மாறியைக் காலியாகவே விட்டுவிடும். சாளரம் அழகாகத் திறக்கும். பெட்டிகளில் எண்களைத் தட்டலாம். கணக்கிடு பொத்தானை அழுத்தியபின்னரே செயலி சரியும். தையற்பிரிவில் தெரிந்திருக்க வேண்டிய குறை, காலில் மாட்டி நடந்தபின் தெரிகிறது. அரிதாகப் பயன்படும் பொத்தானாக இருந்தால், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்வரை அக்குறை உறங்கிக் கிடக்கவும் கூடும்.

உல்லோவின் கருவியில் வளர்ந்தவர்களுக்கு இதைவிடக் கடினமான நிலை இருந்தது. அங்கே பயன்பட்ட அப்ஜெக்டிவ்-சி மொழியில், காலியாய் இருக்கும் மாறிக்கு ஏதேனும் கட்டளை அனுப்பினால் அது விழுவதுமில்லை, முறையிடுவதுமில்லை, வாளா இருந்துவிடும். கோடு இழுக்க மறந்த பொத்தானை அழுத்தினாலும், கோடு இழுக்க மறந்த பெட்டியில் விடையை எழுதச் சொன்னாலும், ஒன்றுமே நடவாது. சரிந்து விழும் செயலியை விட, ஒன்றும் நடவாத செயலியில் குறை காண்பது கடினம்.

இவை இரண்டையும் விஞ்சியது ஒன்றுண்டு. சதுர அடிப் பெட்டியும் சதுர மீட்டர்ப் பெட்டியும் ஒரே வகை. இவ்விரண்டின் அடையாளப் பெயர்களை மட்டும் கைதவறி மாற்றி இட்டுவிட்டோம் என்க. பெயர்கள் உள்ளன, மாறிகள் உள்ளன, வகையும் பொருந்துகிறது. ஏற்றிக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு வணிகர் 240 சதுர அடித் தோல் வாங்குகிறார். அது ஏறக்குறைய 22.3 சதுர மீட்டர். கணக்கிற்காகச் சதுர அடி 100 ரூபாய் என்று வைத்தால், வரவேண்டிய தொகை 24,000 ரூபாய். செயலி காட்டுவதோ 2,230 ரூபாய். சாளரம் திறந்தது, பொத்தான் இயங்கியது, விடையும் வந்தது. உட்புறத் துண்டை வெளிப்புறத்தில் தைத்துவிட்ட காலணி இது. தையல் நேராகவே இருக்கும். இத்தகைய பிழையை எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடித்துத் தராது. விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, வந்த எண்ணைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஏனைய கருவிகளை உருவாக்கியவர்கள் இவ்விஷயத்தில் என்ன செய்தார்கள்? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட டபிள்யூ-பி-எஃப் என்னும் தொகுப்பில், வடிவமைப்புக் கோப்பையும் கம்பைலரின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கோப்பில் இட்ட பெயர்கள் அப்படியே நிரலின் மாறிகளாகப் பிறக்கின்றன. கோப்பிலிருந்து பெயரை நீக்கிவிட்டு நிரலில் அதைப் பயன்படுத்தினால், செயலி உருவாவதற்கு முன்பே பிழை வெளிப்படும். குறையை வெட்டும் பிரிவிலேயே பிடித்துவிடும் ஏற்பாடு இது. நார்வே நாட்டில் தோன்றிய கியூட் என்னும் தொகுப்பு இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. அதிலும் வடிவமைப்புக் கோப்பிலிருந்து நிரல் பிறக்கிறது. ஆதலால் பெட்டியின் பெயர் தவறினால் கம்பைலர் தடுக்கும். ஆனால் பொத்தானின் பெயரையும் நிகழ்வின் பெயரையும் சேர்த்துச் செயற்கூறுக்குப் பெயரிட்டால், தானாக இணைத்துக்கொள்ளும் வசதி ஒன்றும் அதில் உண்டு. அப்பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் பொத்தான் உயிரற்றுப்போகும். செயலி ஓடும்போது யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எங்கோ எழுதப்படும். வசதியைக் கண்டு மயங்காமல், இணைப்பை நிரலில் வெளிப்படையாக எழுதிவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனித் தமிழ் மாணவருக்கே உரிய ஒரு சிக்கல். வடிவமைப்பையும் நிரலையும் பிரித்ததனால் நமக்குக் கிடைத்த பெரும்பயன், திரையில் தெரியும் சொற்களைத் தமிழாக்கலாம் என்பது. பொத்தானில் தெரியும் சொல் வேறு, அதன் அடையாளப் பெயர் வேறு அல்லவா? தெரியும் சொற்களையெல்லாம் தனிக் கோப்பில் வைத்து, மொழிக்கொரு கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஜாவாவில் இச்சொற்கோப்பு 2017ஆம் ஆண்டு வரை தமிழை நேராக ஏற்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் எண்குறியாக மாற்றி எழுதவேண்டியிருந்தது. அவ்வாண்டு வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் தமிழை அப்படியே எழுதலாம். கணக்கெழுதும் பெரியவர் ஆங்கிலம் அறியாதவராயினும் திரையைத் தம் மொழியில் படிக்கலாம்.

அடையாளப் பெயரையும் தமிழில் வைக்கலாமா? ஜாவா மொழி அதனையும் அனுமதிக்கிறது. நாமும் இதுவரை தமிழ்ப் பெயர்களையே சொல்லிவந்தோம். ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘தொகை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகரத்தின் இருபுறமும் கொம்பும் காலும் நிற்கின்றன. யூனிகோட் முறையில் இந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட் விதியும் இரண்டையும் நிகரானவை என்றே கூறுகிறது. ஆனால் ஜாவா பெயர்களை ஒப்பிடும்போது குறிக்குக் குறி ஒப்பிடுகிறதேயன்றி நிகர்மையைப் பார்ப்பதில்லை. வடிவமைப்புக் கோப்பில் ஒரு முறையிலும் கன்ட்ரோலரில் மற்றொரு முறையிலும் ‘தொகை’ பதிந்துவிட்டால், பேசாமல் காலியாக விட்டுவிடும் இரண்டாம் வகைப் பிழை ஏற்படும். மாணவர் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாலும் வேறுபாடு தெரியாது! ‘தோல்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஆதலின் திரையில் தெரிவதெல்லாம் நல்ல தமிழாகட்டும்; அடையாளப் பெயர்களை மட்டும் இன்றைக்கு ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். தமிழ்ப்பற்று மிக்க இளைஞர் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். அவர்கள் இரண்டு கோப்புகளையும் ஒரே எழுத்து வடிவுக்கு மாற்றிவிடும் ஒரு சிறு நிரலை முதலில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அதுவும் நல்ல பயிற்சியே.

கடைசியாக, கையாளத்தக்க ஒரு வழி. ஜாவா-எஃப்எக்ஸ் சாளரங்களை வரைவதற்கு ‘சீன் பில்டர்’ என்னும் கருவி உண்டு. கோப்பை வரைந்து முடித்தபின், அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலரின் எலும்புக்கூட்டை அதுவே எழுதிக் காட்டும். கையால் தட்டாமல் அதனை எடுத்து ஒட்டிக்கொண்டால் பெயர்ப்பிழை பெரும்பாலும் எழாது. முழு வடிவத்தைக் கேட்டால், இனிஷியலைஸ் செயற்கூறுக்குள் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு சோதனை வரியையும் சேர்த்துத் தரும்: ‘இந்த மாறி காலியாக இருந்தால் இங்கேயே நில்’ என்று பொருள்படும் வரி. பலர் இவ்வரிகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் அயர்ந்துவிடுகிறார்கள். ஜாவாவை வழக்கம்போல் ஓட்டினால் இத்தகைய சோதனை வரிகள் இயங்குவதில்லை. சோதனையை இயக்கு என்று ஓட்டும்போதே தனியாகக் கட்டளை தரவேண்டும். அக்கட்டளையைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பிறகு 240 சதுர அடியைத் தட்டி, 24,000 வருகிறதா என்று பாருங்கள்.